லேடி ஸ்டாஃப் வரட்டும்

ஜெயராக்கினிக்கு அநியாயம் செய்தார்கள். ரவிக்கை தைத்துப் பிழைத்தவள், என் அம்மா, மாரடைப்போடு அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து இந்த ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, இறங்கி, கழன்ற செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு தன் காலால் உள்ளே நடந்து போனவள். அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பக்கத்திலேயே ஈசிஜி மெஷின் இருந்தது. அதை எடுக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். எடுக்கவில்லை. ஏனென்றால் எடுக்கத் தெரிந்தவர் ஆண், எடுப்பதற்கு ரவிக்கையைத் திறக்க வேண்டும், லேடி ஸ்டாஃப் சாப்பிடப் போயிருக்கிறார், வரட்டும். அதுவரை வாயுவுக்கு ஓர் ஊசி. லேடி ஸ்டாஃப் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அம்மாவுக்குக் கண் செருகிவிட்டது, பிறகு நெஞ்சை அழுத்தினார்கள், ரவிக்கையைக் கத்தரியால் வெட்டினார்கள், அப்போது ஆண்களும் பெண்களுமாக அத்தனை பேர் சுற்றி நின்றார்களாம், யாருக்கும் கூச்சம் வரவில்லையாம். செத்தபிறகு கூச்சம் போய்விடுகிறது. உயிரோடு இருக்கும் மார்புக்குத்தான் காவல். இதைப் புகாராக எழுதிக் கொடுத்தேன், நேரில் வாருங்கள், பதில் சொல்கிறோம் என்றார்கள், வந்திருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வரட்டும் என்று சொன்ன வாய் எது. ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாய் கிடையாது. நடைமுறை என்று சொல்லாதீர்கள், நடைமுறை பேசாது. அந்த மத்தியானம் ஒரு மனித வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறது, அந்த வாய் என் முன்னால் இன்னொரு தடவை திறந்து, ஆமாம் நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சூப்பிரண்டு டாக்டரின் அறைக்கு எதிரே இந்த இரும்பு பெஞ்ச், மூன்று இருக்கை, நடு இருக்கை ஆடுகிறது, அதில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஆடுது, அந்தப் பக்கம் உட்காருங்கப்பா என்றேன், இருக்கட்டும் என்றார். துண்டை நாலாக மடித்து மடியில் வைத்து, பிரித்து, மறுபடி நாலாக மடிக்கிறார். ஃபினாயில் வாடை, அதற்கு மேல் யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் சட்னி வாடை. எதிர்ச் சுவரில் போஸ்டர். மாரடைப்பின் அறிகுறிகளை அறிவோம். படத்தில் மீசை வைத்த மனிதர் ஒருவர், டை கட்டியவர், இடது நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார், நெஞ்சிலிருந்து சிவப்பாக மின்னல் கிளம்புகிறது. என் அம்மாவுக்கு மீசை இல்லை. அவள் நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை, மின்னலும் கிளம்பவில்லை. அவளுக்குத் தாடை கடுத்தது. குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே தைப்பவள், அதனால் தாடை கடுக்கிறது என்று நினைத்தாள். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வலித்தது. மெஷினில் குனிந்தே இருப்பவள், அதனால் என்று நினைத்தாள். வேர்த்தது, ஊரே வேர்த்தது. குமட்டியது, அப்பா கோலி சோடா வாங்கி வந்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார், குடித்து வாந்தி எடுத்தாள், அப்புறம்தான் மொபெட். இது அத்தனைக்கும் ஒரே பெயர் உண்டு என்று இந்தப் போஸ்டரை வரைந்தவனுக்குத் தெரியாதா. தெரியும். ஒரு பெண்ணை வரைந்து அவளை நெஞ்சில் கைவைக்கச் சொன்னால் நன்றாக இருக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கும் ஒரு வாய் இருந்திருக்கும். மீசைக்காரரே, உமக்கு வந்தால் சட்டையைக் கிழித்தாவது எடுப்பார்கள், உம்மைக் காக்கவைக்க யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். இப்போது என் தாடை கடுக்கிறது. இடது பக்கம், காதுக்குக் கீழே. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான். அதனால்தான் என்றுதான் அவளும் நினைத்தாள்.

படித்தேன். அவளைப் புதைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பி, வகுப்புக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்து, வரலாறு முதுகலைக்காரிக்கு இந்த அலமாரியில் என்ன வேலை என்று நூலகர் பார்க்கப் பார்க்கப் படித்தேன். மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குள் வந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே சாகிறவர்கள். வந்து சேராமல் செத்தவர்கள் வேறு கணக்கு, அது விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இது வந்து சேர்ந்தவர்களின் சாவு. கதவைத் தாண்டி, கட்டிலில் படுத்து, மருந்து இருக்கும் இடத்தில் மருந்து கிடைக்காமல் சாவது. அதில் பெண்கள் அதிகம். ஊர் ஊராக, நாடு நாடாக அதிகம். தாமதமாக வருகிறார்களாம், வந்தபிறகும் தாமதமாகப் பார்க்கப்படுகிறார்களாம், படபடப்பு என்கிறார்களாம், வயிறு என்கிறார்களாம். ஏன் என்றால் வயது என்கிறார் ஒருவர், சர்க்கரை என்கிறார் இன்னொருவர், இரத்தக்குழாய் மெல்லியது என்கிறார் மற்றொருவர். சரி. எல்லாம் இருக்கட்டும். ரவிக்கைக் கொக்கியைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், நான் பார்த்தவரையில் ஒரு வரி இல்லை. ஆறு கொக்கி. அம்மா தைத்தால் ஆறு, மற்றவர்கள் ஐந்தோடு நிறுத்துவார்கள். ஆறு கொக்கி கழற்ற எவ்வளவு நேரம் ஆகும். என் ரவிக்கையில் கழற்றிப் பார்த்தேன், விடுதி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு மூச்சு. ஒரு மூச்சைத் தாண்டவில்லை. அந்த ஒரு மூச்சுக்காகச் சோறு தின்று முடியும்வரை காத்திருந்தார்கள். அறைத்தோழி ரேணுகா பார்த்துவிட்டு, என்னடி பண்றே என்றாள், பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே சாம்பாருக்கு மறுப்புரை சொல்கிறவள் என்று என்னைப் பற்றி விடுதியில் பேச்சு.

அந்த லேடி ஸ்டாஃப்பை முதலில் வெறுத்துப் பார்த்தேன். லீமா சிஸ்டர். வெறுப்பு நிற்கவில்லை, வழுக்கிப் போய்விட்டது. மத்தியானம் பசித்தால் சாப்பிடாமல் என்ன செய்வாள், அவள் ஒருத்தி இல்லாவிட்டால் ஊரிலுள்ள பெண்களின் இருதயமெல்லாம் காத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது அவளா. பிறகு ஈசிஜி எடுக்கிற இசக்கிராஜாவை வெறுத்தேன். மீசை நரைத்தவர், சற்று முன்னால் மெஷின் வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்த வழியாகத்தான் போனார், வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, அப்பாவைப் பார்த்தார், அப்பா அவரைப் பார்த்தார், அவர் சட்டென்று சக்கரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். குற்ற உணர்ச்சி. இருக்கட்டும். பிறகு டியூட்டி டாக்டர் கௌரிசங்கர். அவனை வெறுப்பது சுலபமாக இருந்தது, என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், அன்றைக்குச் சவ அறை வாசலில் என்னிடம், வி ஆர் சாரி, என்று ஆங்கிலத்தில் சொன்னான். தமிழில் சொன்னால் மன்னிப்புக் கேட்டதாகிவிடும் அல்லவா. அவன்தான் சொல்லியிருப்பான். வரட்டும். அவன் வாய் அதற்கேற்ற வாய். அப்பாவிடம் எத்தனை தடவை கேட்டேன். யாருப்பா சொன்னது. அங்கதான் சொன்னாவ. அங்க யாரு. டாக்டரா, நர்ஸா. அங்க நின்னவுகதான், விடு ட்டி. விடு, விடு, போனவ போயிட்டா, நீ படிக்கிற பிள்ள, ஆஸ்பத்திரிக்காரங்கள பகைச்சு என்ன ஆகப்போகுது. புகார் எழுதுகிறேன் என்றதும் அப்பாவின் முகம் எப்படிப் போயிற்று. பயந்த மனிதர். பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் கேட்க மாட்டார், கோயிலில் யாராவது அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தூணோரம் நின்று பூசை காண்பார். இன்றைக்கும் வரமாட்டேன் என்றவர்தான், உள்ளே நீங்கதான சாட்சி, நீங்க வராம நான் என்ன பேச என்று இழுத்து வந்திருக்கிறேன். மொபெட்டில்தான் வந்தோம். அம்மா உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்து வந்தேன்.

ஒரு அக்கா வந்து அப்பாவுக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள், மடியில் எக்ஸ்ரே கவர். உள்ள யாரு இருக்கா ஒனக்கு என்றாள். யாரும் இல்லை, அம்மா இங்கே செத்துப்போனாள், ஏன் என்று கேட்க வந்திருக்கிறோம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், கேட்டா சொல்லுவாவளாக்கும் என்றாள். தன் மாமியாரையும் இப்படித்தான் வாயு வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்தே அனுப்பிவைத்ததாகச் சொன்னாள். அனுப்பிவைத்ததாக என்றால் மேலே. பிறகு கவரால் விசிறிக்கொண்டே, "பொம்பளைக்கு நெஞ்சு வலின்னா வாயுங்காவ. ஆம்பளைக்கு வாயு பிரிஞ்சாலே நெஞ்சு வலின்னு ஆட்டோ பிடிப்பாவ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, இத்தனை நாளில் முதல் சிரிப்பு. அப்பா துண்டைப் பிரித்தார். ஐயாவுக்கு ஒடம்பு சொகமில்லையா, வேர்க்குதே என்றாள் அவள். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். வேர்க்கிறது. அப்பாவுக்கு வேர்க்கிறது. அப்பா, தாடை வலிக்குதா. என்னது. தாடை, முதுகு, எங்கயாச்சும் வலிக்குதா. ஒண்ணுமில்ல, பேசாம இரு. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றுதான் இந்த வீட்டில் எல்லாரும் சொல்லுவோம்.

அம்மாவுக்குக் கூச்சம் கிடையாது. அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. யாருடைய கூச்சத்தைக் காப்பாற்றினார்கள் இவர்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் அளவு கொடுக்க வந்து கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நெளிவார்கள், அம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கைய எடு ட்டி, நெஞ்சு எல்லாருக்கும் உள்ளதுதான், சரியா அளக்காட்டி நாளைக்கு நீ இருமுனா கொக்கி தெறிச்சு எவன் கண்ணுலயாச்சும் விழும் என்பாள். கல்யாணப் பெண்கள் சிரித்துச் சிரித்து அளவு தப்பும், மறுபடி அளப்பாள். நெஞ்சு என்பது அவளுக்கு ஓர் அளவு, இடுப்பு போல, தோள் போல. கூச்சமெல்லாம் அப்பாவுக்குத்தான். வீட்டின் முன்னறையில் கடை, அதற்குக் கெட்டித் துணியில் திரை வாங்கிப் போட்டது அப்பா. அம்மா காற்று வரவில்லை என்று ஒதுக்கிவிடுவாள், அப்பா போகிறபோது வருகிறபோது இழுத்துவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தத் திரை போய் வரும். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை, அவள் ஒதுக்குவாள், இவர் மூடுவார். மெஷினில் ஊசிக்கடியில் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டு ரவிக்கை இன்னும் கிடக்கிறது, கை சேர்க்காமல். அதைத் தைக்கக் கொடுத்த பெண் துக்கம் கேட்க வந்தவள் போகிற நேரத்தில், கல்யாணம் வருதுக்கா, அதை அப்படியே தந்தா வேற எடத்துல குடுத்துக்குவேன் என்றாள். அவளை வெளியே துரத்தினேன். நியாயமாகப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பில்லை. நியாயமாகப் பார்க்க எனக்கு இப்போது இஷ்டமில்லை. அவள் போனபிறகு அப்பா எழுந்து போய்க் கடைத் திரையை இழுத்து மூடினார், உள்ளே யாரும் இல்லாத கடைக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் என்று நினைத்தேன். துக்கம்தான். வேறென்ன. எதற்கு இப்போது அந்தத் திரை ஞாபகம். அதன் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம், இந்த ஈசிஜி வண்டிச் சக்கரச் சத்தம் போலவே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றோடு ஒன்றைக் கோக்காதே ஜெனோவா, வாதத்தைச் சிதறவிடாதே, கேள்வி ஒன்றுதான். வரட்டும் என்று சொன்னது யார்.

கூப்பிட்டுவிட்டார்கள். குளிர்ந்த அறை, கண்ணாடி மேசை, மேசைக்குப் பின்னால் சூப்பிரண்டு டாக்டர் தாணுமூர்த்தி, சந்தனப் பொட்டு, நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும் முகம். ஓரத்தில் கௌரிசங்கர் நிற்கிறான், கதவருகே இசக்கிராஜா. உட்காருங்க என்கிறார் சூப்பிரண்டு, அப்பா நுனியில் உட்காருகிறார். தாணுமூர்த்தி பேசத் தொடங்குகிறார், குரல் இதமாக இருக்கிறது, அந்த இதம் என் மேல் எண்ணெய் மாதிரிப் படிகிறது. எங்கள் இழப்பு அவருக்குப் புரிகிறதாம். இந்த ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பெயர் உண்டாம், சுற்றுவட்டாரக் குடும்பங்களெல்லாம் வீட்டுப் பெண்களை நம்பி இங்கே அனுப்பக் காரணமே அதுதானாம், பெண்களின் மரியாதையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லையாம். நான் குறுக்கிடுகிறேன். "மரியாதையால யாராவது பொழச்சிருக்காங்களா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கோபப்படாதீங்கம்மா என்கிறார். கோபப்படத்தான் வந்திருக்கிறேன், கோபத்தைத் தவிர என் கையில் வேறெதுவும் இல்லை, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். இதைச் சொல்லவில்லை, நினைத்தேன். சொன்னது வேறு. லேடி ஸ்டாஃப் வரட்டும் என்று சொன்னது யார் என்று மட்டும் சொல்லுங்கள், போய்விடுகிறேன் என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள், அந்த மேசையில் ஒன்றுமே இல்லை. கௌரிசங்கர்தான் வாயைத் திறந்தான், என் கண்ணைப் பார்க்காமல், தமிழில். வந்ததும் ஈசிஜி எடுக்கச் சொன்னது அவன்தானாம். ஆண்தான் இருக்கிறார், எடுக்கலாமா என்று கேட்டானாம். கேட்டது சரிதானே என்பதுபோல் சூப்பிரண்டைப் பார்த்தான். "யார்கிட்ட கேட்டீங்க?" என்றேன். "கூட வந்தவர்கிட்ட. வீட்டுக்காரர் இருந்தா அவர்கிட்டதான் கேக்கணும். அதுதான் இங்க வழக்கம்."

நான் திரும்பவில்லை. நாற்காலி கிரீச்சென்றது, இது ஆடாத நாற்காலி, ஆனால் ஆடுகிறது. துண்டு மடங்குகிற சத்தம் கேட்கிறது, துண்டுக்குச் சத்தம் உண்டா, எனக்குக் கேட்டது. "நான்தான் ட்டி" என்றார் அப்பா. "நான்தான் வரட்டும்னேன்." நான் தேடிய வாய், துக்க வீட்டில் நான் கஞ்சி ஊற்றிய வாய். ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டது, நான் கேட்டபடியே, என் முன்னாலேயே. என்ன செய்வேன் என்று தெரியாது என்றேனே, தெரியவில்லை. கோபம் அப்படியே நிற்கிறது, கையை ஓங்கிவிட்டு அடிக்க ஆள் தெரியாமல் நிற்கிற மாதிரி. அப்போதுதான் தாணுமூர்த்தியைப் பார்த்தேன். சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு விட்டார். தீர்ந்தது என்று அவர் முகம் சொன்னது, பார்த்தாயா பெண்ணே உன் வீட்டில்தான் இருக்கிறது விஷயம் என்று சொன்னது, இரக்கத்தோடு சொன்னது. அந்த இரக்கம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. இல்லை சார். தீரவில்லை. ஒருவர் கேட்டிருக்கிறார், ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவே கட்டிலில் ஒருத்தி படுத்திருந்திருக்கிறாள். அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்ததா என்று கேட்டேன். கதவருகிலிருந்து இசக்கிராஜா, இருந்துச்சும்மா, பேசிட்டுத்தான் இருந்தாங்க என்றார். என்ன பேசினாள். அவர் அப்பாவைப் பார்த்தார். வீட்டுக்காரர் இருக்கையில் பேஷண்டைத் தொந்தரவு செய்வது, என்று தொடங்கிய சூப்பிரண்டு, நான் பார்த்த பார்வையில் அதை முடிக்கவில்லை. அப்புறம்தான் அப்பா பக்கம் திரும்பினேன். முகமெல்லாம் வேர்வை, மடித்த துண்டு மடியிலேயே இருக்கிறது, துடைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கேட்காதே என்று உள்ளே ஒன்று சொல்லிற்று, கேட்டால் இந்த மனிதருடன் அதே மொபெட்டில் வீட்டுக்குப் போக வேண்டும், அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும், அவருக்குச் சோறு போட வேண்டும். கேட்டேன்.

"அம்மா என்னப்பா சொன்னா?"

அப்பா மடித்த துண்டைப் பிரித்தார்.

"'அந்தத் தம்பியவே எடுக்கச் சொல்லுங்க, எனக்கு என்னமோ பண்ணுது'ன்னா. சொல்லிட்டு அவளே மேல இருந்து ரெண்டு கொக்கியக் கழட்டிட்டா. நான்தான் திரும்ப மாட்டிவிட்டேன்."